இரண்டு தாத்தாக்களும் ஒரு சூரியேலும்

உபதேசியார் வேலைக்கு இந்த மலைக்குப் புதிதாக வரப்போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். இப்படியொன்றைப் பொதுவாக ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை. இறையியல் படிக்கக் கீழே போகிறேன், அவ்வளவுதான். எழுத வேண்டிய ஆள் எங்கள் போதகர். அவரிடம் கேட்டேன். "நீதான் நிறையப் பேசறவன், நீயே எழுது" என்று சொல்லிவிட்டார்.

ஜெபம் நடத்துவது, பாட்டு எடுத்துக் கொடுப்பது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை உட்கார வைப்பது எல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சொல்லிக் கொடுக்காத ஒன்று உண்டு. ஜனங்கள் உங்களிடம் பேர் கேட்டு வருவார்கள். பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் வேதத்தில் உள்ள பேராக இருக்க வேண்டும், ஆனால் பக்கத்து வீட்டில் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றாக நடப்பது கஷ்டம். ஒரே லைன் வீட்டு வரிசையில் ஃபேக்டரி ஜான், ஜீப் ஜான், கேஸ் ஜான் என்று மூன்று ஜான்கள் இருக்கிற ஊர் இது.

அந்த இடத்தில்தான் என் கிறுக்கு எனக்கு உதவியது. குடும்ப ஜெபத்தில் வம்ச வரலாறு வந்தால் எல்லோரும் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு விரலால் பக்கத்தைச் சேர்த்துப் பிடித்துப் புரட்டி, கதை ஆரம்பிக்கிற இடத்துக்குத் தாவிவிடுவார்கள். அவர்கள் தாண்டிப்போன இடத்திலேயே நான் உட்கார்ந்துவிட்டேன். ஒக்லாள் என்ற பெண்ணின் பேருக்குள் ஒரு கௌதாரி இருக்கிறது. நகசோன் என்ற தலைவனின் பேருக்குள் பாம்பு இருக்கிறது என்கிறார்கள். ஒரு மனிதன் வாழ்ந்து, விதைத்து, சண்டை போட்டு, செத்தும் போயிருப்பான். நமக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல் மட்டும். அதை அவன் தொட்டிலில் கிடந்தபோது கொடுத்தவர் என்ன நினைத்துக் கொடுத்திருப்பார் என்று யோசிக்க ஆரம்பித்தால், மஞ்சூர் பஸ்ஸில் எத்தனை கொண்டை ஊசி வளைவு வந்தாலும் எனக்குத் தலை சுற்றாது.

செல்போனில் தேடிவிட்டுத்தான் உங்களிடம் வருவார்கள். அதில் எல்லாப் பேருக்கும் "கடவுளின் பரிசு" என்றே போட்டிருக்கும். உண்மையில் பாதிப் பேர்களுக்குப் பொருள் இதுதான் என்று படித்தவர்களாலேயே அடித்துச் சொல்ல முடியவில்லை. இதில் எங்கள் போதகர் என்னிடம் கண்டிப்பாக இருந்தார். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. கண்டுபிடிச்சுச் சொல்றது வேற, கட்டிவிடறது வேற. அந்தப் புள்ள அறுபது வருஷம் அதைச் சுமக்கணும்" என்பார். தெரியாது என்று சொல்ல எனக்கு ஆரம்பத்தில் வாய் வராது. பிறகு பழகிவிட்டது. நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

தெரிந்ததைச் சொல்வதும் சில சமயம் சுலபமாக இருக்காது. இத்தலாரில் காரட் போடுகிற ஒருவர், தன் பையனுக்கு வேதத்தின் வம்ச அட்டவணையிலிருந்து அவரே ஒரு பேரைப் பிடித்து வைத்திருந்தார். பேரேஸ். ரமேஷ், சுரேஷ் மாதிரியும் இருக்கிறது, வேதத்திலும் இருக்கிறது என்று அவருக்கு ஒரே பெருமை. எனக்கு விஷயம் தெரியும்போது ரோட்டோரத்தில் ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. பையன் படம், நான்கு பக்கமும் புறா, நடுவில் பொன்னெழுத்தில் பேரேஸ். அந்தச் சொல்லுக்குச் சாணம் என்று பொருள் சொல்கிறார்கள். சொல்லாமல் விட்டால் அந்தப் பையன் கல்லூரிக்குப் போய் எவனிடமோ தெரிந்துகொள்வான். ஃப்ளெக்ஸுக்குக் கீழேயே அவரை நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

அவர் ஃப்ளெக்ஸை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"சாணந்தானுங்களே? நம்ம காரட்டு வேற எதுலீங்க வெளையுது?"

"இல்லீங்க, பின்னாடி யாராச்சும் கேலி பண்ணினா..."

"பண்ணட்டுமுங்க. பேருன்னா உரம் மாதிரி இருக்கோணும். நீங்க சாப்பாட்டுக்கு வந்துருங்க, ஆட்டுக்கறி."

பேரேஸ் இப்போது யூகேஜி படிக்கிறான். நாம் தெரிந்ததைச் சொல்ல வேண்டும். வைத்துக்கொள்வதும் விடுவதும் பெற்றவர்கள் பாடு. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்த வேலை பிடித்துப்போனது.

இனி நான் சொல்ல வந்தது.

மஞ்சூருக்கு அந்தப் பக்கம் ஓர் எஸ்டேட். மேல் டிவிஷன், கீழ் டிவிஷன், நடுவில் ஃபேக்டரி, ஃபேக்டரிக்குப் பின்னால் தகரம் போட்ட நம் ஆலயம். ஒரு நாள் மத்தியானம் மூடுபனியில் கிறிஸ்டி என்ற பெண் கைப்பிள்ளையைக் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுடைய முதல் பையன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் ஜீப்பிலேயே பிறந்தவன். ஜீப்பை ஓட்டியது மேலே சொன்ன ஜீப் ஜான். பிள்ளையைக் கையில் வாங்கியது பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா, கொழுந்து பறிக்கிறவர். அவர் குரல் ஒரு மலையில் கிளம்பினால் அடுத்த மலையில் கேட்கும்.

"ஒரு பேரு வேணுங்க பிரதர்," என்றாள் கிறிஸ்டி. "ரெண்டு தாத்தனுக்கும் சொந்தமில்லாத பேரு."

மெதுவாக விசாரித்தேன். அவள் மாமனார் மனுவேல், மேல் டிவிஷன். அவள் அப்பா இஸ்ரவேல், கீழ் டிவிஷன். இருவரும் அதே ஃபேக்டரியில் எத்தனையோ வருஷம் ஒரே ஷிஃப்டில் நின்றவர்கள். ஒருவர் வாங்கின பன்னை இன்னொருவர் பிய்த்துத் தின்கிற சிநேகிதம். பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்பியபோது ஊர் முணுமுணுத்ததைக் கண்டுகொள்ளாமல் கல்யாணத்தை முடித்து வைத்தவர்களும் அவர்களே. பேரன் பிறந்ததும் அவன் பேரில் முட்டிக்கொண்டார்கள். இப்போது ஒருவர் இருக்கிற டீக்கடைக்கு மற்றவர் வருவதில்லை.

"எங்க மாமா பேரு வெச்சா எங்கப்பா கோயிலுக்கு வரமாட்டாராம். எங்கப்பா பேரு வெச்சா மாமா வரமாட்டாராம். எங்க ஊட்டுக்காரரு ரெண்டு பேருக்கும் நடுவுல வாயத் தொறக்காம நிக்கறாரு. அப்பா புள்ளயப் பாக்க வந்தே நாளாச்சுங்க." பிள்ளையின் கம்பளியை இழுத்து மூடினாள். "ஒருத்தருதான் வருவாருன்னா எனக்கு அந்த ஞானஸ்நானமே வேண்டாமுங்க பிரதர்."

நான் முதலில் மேலே போனேன். மனுவேல் கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். "ஏனுங்க, இதுல என்னுங்க பஞ்சாயத்து? எங்க ஊட்டுல மூத்த பையனுக்குத் தாத்தன் பேருதான். எங்கப்பன் எம்பேரு வெக்கறப்ப யாருகிட்டயும் கேக்கலீங்க" என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

கீழே இறங்கினேன். இஸ்ரவேல் சின்னப் பையனாக இலங்கையிலிருந்து கப்பலில் வந்தவர். இஸ்தோப்பில், அதாவது வீட்டு முன்வாசலில், உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். "எனக்கு ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க. அங்க நாங்க இருந்த லயத்து வீட்டுல எங்க பேரச் சொல்ல ஆளில்ல. இங்கயும் எனக்கப்புறம் இல்ல. ஒரு பேரு, அதுதானே கேக்கறேன்? காணி பூமியா கேட்டேன்?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்.

இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. மறுபடி மேலே ஓடினேன். மனுவேல் யோசித்துவிட்டு, "மனுவேல் இஸ்ரவேல். வெக்கலாமுங்க, மனுவேல் முன்னாடி வருதில்லீங்க" என்றார். கீழே வந்தேன். "இஸ்ரவேல் மனுவேல்னு சொன்னாத்தான் வாய்க்கு நல்லா வருது" என்றார் மற்றவர். ஏறி இறங்கி எனக்கு முட்டி வலித்ததுதான் மிச்சம்.

அட்டவணைகளில் யாருமே எட்டிப் பார்க்காத பேர்களின் அருமை அன்று எனக்குப் புரிந்தது. அவை எந்தத் தாத்தாவுக்கும் சொந்தமில்லை. எந்தப் பங்காளியும் அதைப் பிடித்து இழுக்க முடியாது. ஆலயத்தில் உட்கார்ந்து தேடித் தேடி ஒன்றை எடுத்தேன். சூரியேல். லேவியரின் பேர்ப் பட்டியலில் ஒரே ஒரு இடத்தில் வந்துவிட்டு மறைந்துபோகிறவன். சூர் என்றால் பாறை, ஏல் என்றால் தேவன். என் பாறை தேவன் என்று பொருள். இதில் சந்தேகமும் குறைவு.

இரண்டு வீட்டிலும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னேன். இதை நன்றாகக் கவனியுங்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று சொல்லியிருந்தால் சாயங்காலத்துக்குள் மாட்டியிருப்பேன். வனாந்தரத்தில் ஊர்விட்டு ஊர் போகிற ஜனங்களோடு ஆண்டவருடைய கூடாரமும் போனது. அதன் பலகை, தூண், முளை, கயிறு எல்லாவற்றையும் சுமந்துபோகிற கூட்டத்துக்குத் தலைவன் சூரியேல். இவ்வளவுதான் தெரியும், வேறெதுவும் தெரியாது என்றேன். மனுவேல், சூரியேல், இஸ்ரவேல் மூன்று பேர்களும் ஏல் என்றே முடிகின்றன, அது தேவனைக் குறிக்கிற சொல் என்பதையும் சொன்னேன்.

மனுவேல் கேட்டார்: "அப்ப மேஸ்திரிங்களா?"

"மேஸ்திரி மாதிரித்தானுங்க."

"எம் பேருல வாலு மட்டுந்தான் வருது. போகட்டும். மேஸ்திரின்னா சரிதானுங்க."

இஸ்ரவேல் தேத்தண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே கைகாட்டினார். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. "நாங்க வந்தப்ப எங்கப்பா அதத் தலையில வெச்சு எறங்கினாரு. மூட்ட கட்டி, ஒண்ணும் தொலையாமக் கொண்டு போய்ச் சேக்கறது லேசில்ல தம்பி. வைங்க அந்தப் பேர."

இருவரும் வர ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தனித்தனியாக.

ஞானஸ்நான ஞாயிறு. ஆண்கள் பக்கத்தில் முதல் பெஞ்சின் இந்தக் கோடியில் மனுவேல், அந்தக் கோடியில் இஸ்ரவேல். நடுவில் நாலு பேர் உட்காரலாம், ஒருவரும் உட்காரவில்லை. ஞானத் தகப்பன் ஜீப் ஜான். ஞானத் தாய் எஸ்தர் அக்கா, பிள்ளை அவர் கையில். நான் பித்தளைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் துண்டோடு நிற்கிறேன். போதகர் தண்ணீருக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "இந்தப் பிள்ளைக்குப் பேரிடுங்கள்" என்றார்.

சொல்ல வேண்டியவன் ஜான். காலையிலிருந்து ஜீப் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகியவன். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. அந்தக் குளிரில் அவனுக்கு நெற்றி வேர்த்தது. பெஞ்சின் இரண்டு கோடியிலிருந்தும் இரண்டு தாத்தாக்கள் அவனையே பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் யாருக்கும் மறந்துதான் போகும்.

பிள்ளை அழ ஆரம்பித்தது. முதல் பெஞ்சிலிருந்து இரண்டு குரல் ஒரே சமயத்தில் வந்தது.

"மனுவேல்."

"இஸ்ரவேல்."

இருவருமே வேண்டுமென்று சொன்னதாக நான் இன்றுவரை நினைக்கவில்லை. பையன் தடுமாறுகிறானே, எடுத்துக் கொடுப்போம் என்றுதான் வாயைத் திறந்திருப்பார்கள். திறந்ததும் மனதில் இருந்தது வந்துவிட்டது. பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

மனுவேல் எழுந்தார். "பாத்தீங்களா ஐயா, ஒத்துக்கிட்டு வந்துட்டு வேணும்னே சொல்றாரு."

"நா சொன்னது எனக்கே சரியாக் கேக்கல. ஒங்களுக்கு எப்பிடிக் கேட்டுச்சு?" என்று இஸ்ரவேலும் எழுந்துவிட்டார்.

மனுவேல் கம்பளித் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் நடந்தார். இஸ்ரவேல் குனிந்து குடையைத் தேடினார். பெண்கள் பக்கம் கிறிஸ்டியைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். ஒருவர் வெளியே போனாலும் அவள் இந்த ஞானஸ்நானத்தை வேண்டாம் என்றுதான் சொல்லுவாள். அப்புறம் அந்த இரண்டு டிவிஷன்களுக்கும் நடுவில் அவள் எப்படி இருப்பாள்?

சூரியேல் என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. தேடிக் கண்டுபிடித்தவனே நான்தான். மூச்சு இழுத்தேன். போதகர் என் பக்கம் திரும்பி, தலையை ஒரே ஒரு தரம் அசைத்தார். வேண்டாம். அப்போது எனக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது. நான் சொல்லியிருந்தால் அது வெளியாள் வைத்த பேராகிவிடும். இரண்டு தாத்தாக்களும் தோற்றுப்போன பேராகவும் இருக்கும். அவசரத்தில் நம் கையில் விடை இருந்தால் உடனே நீட்டத் தோன்றும். நம் வேலையில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது அந்தக் கையை மடக்கிக்கொள்வதுதான்.

நான் வாயை மூடிக்கொண்ட அந்த இடைவெளியில் எஸ்தர் அக்கா பேசினார்.

"சூரியேல். எங்களுக்கு இவன் சூரிதானுங்க ஐயா. இந்த வாரம் முச்சூடும் லைனே அப்பிடித்தான் கூப்புடுது. பேரு ஒத்து வருதான்னு பாக்க வேண்டாமா? இந்தா பாருங்க. டேய் சூரி."

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. பெண்கள் பக்கத்திலிருந்து இன்னும் நாலைந்து பேர், "சூரி, சூரிக்குட்டி" என்று கூப்பிட்டார்கள். அது ஒவ்வொரு குரலுக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

மனுவேல் கதவருகில் நின்றுவிட்டார். "பேரு வெக்கறதுக்கு அக்கம்பக்கத்துக்காரிக யாருங்க? எந்த வேதத்துல இருக்குது இது?"

போதகர் அவருக்குப் பதில் சொல்லவில்லை. தண்ணீருக்கு மேலிருந்த கையை எடுக்காமலே என்னைக் கேட்டார். "உபதேசியாரே, இருக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு மனம் எங்கெங்கோ ஓடியது. கடைசியில் ஓர் இடத்தில் போய் நின்றது.

"இருக்குங்க ஐயா. தாவீது ராஜாவோட தாத்தா, ஓபேத். அவருக்குப் பேரு வெச்சது பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க."

அதற்கு மேல் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. ஓபேத் என்றால் ஊழியம் செய்கிறவன், அந்தக் குடும்பம் பஞ்சம் பிழைக்கப் போய்த் திரும்பி வந்தது, இப்படி ஒரு பிரசங்கமே இருந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன். ஆறு வருஷத்தில் நான் செய்த நல்ல காரியங்களில் இதைத்தான் முதலில் எழுதுவேன்.

இஸ்ரவேல் குடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் புள்ளைக்குத் தாத்தா யாரும் இல்லியா?"

"முன்னமே செத்துப்போயிட்டாருங்க."

"அதான். இருந்திருந்தா அவரும் சண்டைக்கு நின்னிருப்பாரு."

முதலில் சிரித்தது போதகர். அடுத்து பெண்கள் பக்கம் முழுவதும் சிரித்தது. கிறிஸ்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்கள் கண் எல்லாம் கதவு மேல் இருந்தது. மனுவேல் அங்கேயே நின்றிருந்தார். வெளியிலிருந்து பனி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"தலையில தண்ணி ஊத்தற நேரத்துல இப்பிடித் தொறந்து போட்டு வெச்சா புள்ளைக்குச் சளி புடிக்காதுங்களா?" என்று யாரையோ திட்டுகிற மாதிரி சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே நின்றுதான் சாத்தினார். அப்புறம் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பழைய இடத்தில் இல்லை, கொஞ்சம் நடுவில்.

"சூரியேல்" என்று போதகர் மூன்று கை தண்ணீர் ஊற்றினார். ஜான் என்னிடம் துண்டை வாங்கி முதலில் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

பஸ்ஸில் திரும்பும்போது போதகரிடம், நான் ஓபேத்தை மறந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "நீயா மறப்பே?" என்றார். ஒரு வளைவு தாண்டிய பிறகு, "தெரியலைன்னு சொல்லியிருப்பே. நான் தண்ணிய ஊத்தியிருப்பேன்" என்றார்.

உங்களுக்கு ஆலயச் சாவி கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டு வருவதற்காகப் போன வாரம் மறுபடி அங்கே போயிருந்தேன். ஃபேக்டரி முன் டீக்கடையில் இரண்டு தாத்தாக்களும் ஒரே பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். சூரி மனுவேலின் மடியில் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தான். புதிதாக வந்த லாரி டிரைவர் ஒருவர், பையன் யாரு என்று கேட்டார்.

"இவனுங்களா? நம்ம இஸ்ரவேலு பேரனுங்க" என்றார் மனுவேல்.

"அட, இவரு மறதிக்காரரு. மனுவேல் பேரன்னு சொல்லுங்க" என்றார் இஸ்ரவேல்.

"எல்லாம் இஸ்ரவேலு ஜாடைதானுங்க, மூக்கப் பாருங்க."

"மூக்கு இருக்கட்டும், வீம்பு யாருது?"

டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு பஸ் வந்துவிட்டது.